காப்புக் கட்டிய ஊரில் எம்.ஏ. இங்கிலீஷ்

பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம்,
கருக்கங்குறிச்சி, செந்துறை வழி.
21-5-1984, திங்கட்கிழமை.

வரதராஜன்பேட்டை முந்திரி வியாபாரம் தங்கராசு மச்சான் சமூகத்துக்கு, உங்கள் தங்கை ஜெயலட்சுமியின் புருஷனும் மேற்படி சங்கத்தின் செயலாளருமான அரியமுத்து கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமான வார்த்தையைப் போடாமல் இப்படி ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. என் தாயார் மருதாயி காலமாகிவிட்டதாக அந்தப் பக்கம் யாராவது சொல்லியிருந்தால் தயவுசெய்து நம்ப வேண்டாம். அம்மா நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போதுகூட மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், இந்த வருஷம் முந்திரிக்கு நல்ல விலை கிடைக்கவும் எங்கள் ஊர் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அந்த அம்மனை முன்னிட்டுத்தான் இந்தக் கடிதமும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கல்யாணத்துக்குத் தாம்பூலம் மாற்றிய அன்று உங்கள் வீட்டு வாசலில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்க, நீங்கள் வெற்றிலைத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கொடுக்காமல் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். "எங்க ஜெயா பி.ஏ. முடிச்சிருக்கு. மேல படிக்கணும்னு அது எப்ப சொன்னாலும் நீங்க தடுக்கக் கூடாது. சரின்னு சொல்லுங்க, அப்பதான் தட்டு கை மாறும்" என்றீர்கள். நான் சரி என்றேன். அத்தனை பேர் நடுவில் வேறு என்ன சொல்வது? தவிர, கல்யாணம் ஆகி, மாடு கன்று என்று ஆகிவிட்டால் எந்தப் பெண்ணுக்குப் படிப்பு ஞாபகம் வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "எம்.ஏ. இங்கிலீஷ் தபால்ல படிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். நான் தடுக்கவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து பாடங்கள் கட்டுக்கட்டாக வந்தன, முதல் வருஷப் பரீட்சையில் தேறினாள், எல்லாம் என் வாக்குக்குக் கட்டுப்பட்டு நடந்தது. இப்போது அந்த வாக்கிலிருந்து என்னை விடுவிக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாளை மறுநாள் புதன்கிழமை அவளுக்குத் திருச்சியில் கடைசிப் பரீட்சை. அன்று அவள் ஊரைவிட்டுப் போகக் கூடாத நிலைமை ஏற்பட்டிருக்கிறது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வேண்டும். அந்த வாய் உங்களிடம் இருக்கிறது.

இந்த நிலைமை எப்படி ஏற்பட்டது என்பதை ஆதியோடந்தமாக எழுதினால்தான் நீங்கள் நியாயம் சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. இவள் இங்கிலீஷ் எம்.ஏ. படிப்பது தெரிந்ததிலிருந்து ஊரில் இங்கிலீஷ் எழுத்து எதில் இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்தது. டானிக் பாட்டில், உர மூட்டை, சிங்கப்பூரிலிருந்து வந்த போர்வையில் தைத்திருந்த துணித்துண்டு எல்லாவற்றையும் இவள் பொறுமையாகப் படித்துச் சொன்னாள். போர்வையைத் துவைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்ததால் அந்த வீட்டுக்காரர் இன்றுவரை துவைக்காமல் போர்த்திக்கொள்கிறார். இதற்கெல்லாம் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் குறை, இவள் வாய்விட்டுப் படிக்கிறாள் என்பதுதான். நாடகம் என்பது கண்ணால் படிப்பதற்கு எழுதியது அல்ல, காதில் விழ வேண்டும் என்கிறாள். விடியற்காலையில் நான் பால் அளக்க சங்கத்துக்குப் போன பிறகு, அடுப்பை மூட்டிவிட்டு உள்ளறையில் உட்கார்ந்து ராஜாவுக்கு ஒரு குரல், ராணிக்கு ஒரு குரல், வேலைக்காரனுக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றிப் பேசுவாள். ஆரம்பத்தில் அம்மா, மருமகள் தன்னைத்தான் இங்கிலீஷில் திட்டுகிறாள் என்று பதிலுக்குத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மொழியிலும் நடந்த அந்தச் சண்டை சில மாதங்களில் இருவருக்கும் பழகிப்போய்விட்டது.

இந்த வருஷம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்ட மே எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. எங்கள் ஊர்க் கட்டுப்பாடு உங்களுக்கும் தெரிந்ததுதான். காப்புக் கட்டும் நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருக்கிறவர் யாரானாலும், உள்ளூர்க்காரரோ விருந்தாளியோ, திருவிழா முடிகிறவரை இரவு வெளியே தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மீறினால் மழை பொய்த்துவிடும் என்பது நம்பிக்கை. அந்த வருஷம் மழை பெய்யாத பழி முழுவதும் மீறியவர் தலையில்தான் விழும். இவளுக்குப் பரீட்சை பத்தாம் தேதியிலிருந்து விட்டுவிட்டு இருபத்துமூன்று வரை. அதனால் காப்புக் கட்டும் அன்று மத்தியான பஸ்ஸுக்கே திருச்சிக்குப் போய், உறையூரில் இவளோடு பி.ஏ. படித்த ஜானகி வீட்டில் தங்கிப் பரீட்சையை முடித்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாதவரைக் காப்பு பிடிக்காது. பூசாரி பிச்சைமுத்துவே இதற்குச் சம்மதம் சொன்னார். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

அன்று காலையில் இவள் சும்மா இருந்திருக்கலாம். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாடகத்தின் கடைசிப் பகுதியை இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பகுதியில் ஒரு பெண் சாகிறாளாம். மச்சான், இவள் அந்தப் பெண்ணின் சாவை இதற்கு முன் பல தடவை படித்தவள். அவள் சாவாள் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அழுதிருக்கிறாள். மெதுவாக அல்ல, வாய்விட்டு. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் அப்போது வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் விடியற்காலையில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து மருமகள் அழும் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதற்கு முந்தின வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வேறு வந்திருந்தது. குஞ்சம்மாள் சாணி வாளியை அப்படியே போட்டுவிட்டு, முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "அய்யோ மருதாயி அக்கா போயிட்டியா" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே தெருப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தி கட்டிக்கொண்டு அழ, இவளுக்கு என்ன தோன்றியிருக்கிறது தெரியுமா? எனக்கோ உங்களுக்கோ ஏதோ ஆகிவிட்டது, தகவல் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். யார் செத்தது என்று கேட்க நாக்கு எழவில்லையாம். முன்னைவிட அதிகமாக அழுதாள். இவள் அழுததைப் பார்த்து அவர்கள் அழ, அவர்கள் அழுததைப் பார்த்து இவள் அழ, ஒப்பாரி களை கட்டிவிட்டது. ஒருவரும் அம்மாவின் கட்டிலைப் பார்க்கவில்லை. அழுகிறவர்களிடம் அத்தாட்சி கேட்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

என் தாயார் அந்த நேரத்தில் எங்கே என்றால், ஓடைப் பக்கம் புல் அறுக்கப் போயிருந்தாள். தலையில் புல்லுக்கட்டோடு வந்தவள், தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்துக் கட்டைப் போட்டுவிட்டு, ஓரத்தில் முந்தானையில் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "யாருடி செத்தது?" என்று கேட்டிருக்கிறாள். அவள் நிமிர்ந்து பார்க்காமல், "மருதாயி அக்கா" என்றிருக்கிறாள். மேலத்தெருவில் இன்னொரு மருதாயி உண்டு. அம்மாவும் அவளும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக நாற்று நட்டவர்கள். அவளுக்கு உறவு சனம் இல்லாததால் நம் வீட்டில் கூடி அழுகிறார்கள் போலும் என்று அம்மாவாகவே முடிவுசெய்து, மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து, எல்லோரையும்விட அதிகமாக அழுதிருக்கிறாள். குஞ்சம்மாள் முறை வந்ததும் அவள், "கேக்காம மோர் கொடுத்த கைராசிக்காரியம்மா" என்று பாடியபோதுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. மேலத்தெரு மருதாயியிடம் மாடே கிடையாது. எழுந்து நின்று, "ஏண்டி குஞ்சம்மா, நான் எப்படி உனக்குக் கேக்காம மோர் கொடுத்தேன்? நீ கேட்டே நான் கொடுத்ததில்லையேடி!" என்றாள். அதோடு ஒப்பாரி நின்றது.

இதற்கிடையில் சங்கத்தில் நான் இருந்த இருப்பைக் கேளுங்கள். பால் ஊற்ற வரிசையில் நின்ற ஒருவர், "உங்கம்மா போயிட்டாங்களாம்" என்றார். என் கையில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடி மீட்டர் இருந்தது. அதோடு ஓடினேன். வழியெல்லாம் அழுதேன். வீட்டு வாசலில் என் அம்மா புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, யார் யார் தன்னைப் பற்றி என்னென்ன பாடினார்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுததற்கு, "விடுறா, புல்லு நசுங்குது" என்றாள். அன்று மீட்டர் விட்டுப் பார்க்காமல் ஊற்றப்பட்ட பாலெல்லாம் கலப்பில்லாத பால் என்றுதான் ஊரார் இன்றும் சாதிக்கிறார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். உயிரோடு இருக்கிறவர் வீட்டில் ஒப்பாரி பாடினால் அந்த வீட்டுக்குத் தீட்டு, வீடு முழுக்கக் கழுவி, எல்லோரும் தலை முழுகி, கோயில் தீர்த்தம் தெளிக்கிற வரைக்கும் ஒருவரும் வாசல் தாண்டக் கூடாது என்று பூசாரி பிச்சைமுத்து சொல்லிவிட்டார். காப்புக் கட்டுகிற வேலையில் இருந்த அவர் தீர்த்தத்தோடு வர மத்தியானம் தாண்டிவிட்டது. பஸ் எங்கள் தெருமுனையில் நின்று, இவள் பெட்டியோடு வருவாள் என்று தெரிந்த கண்டக்டர் விசிலடித்து விசிலடித்துப் பார்த்துவிட்டுப் போனார். அதை விட்டால் மறுநாள் விடியற்காலைதான் பஸ். இவள் ஈரத் தலையோடு கதவுக்குப் பின்னால் நின்று அந்த விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அரியலூரிலிருந்து என் அப்பாவின் தங்கை அம்மாக்கண்ணு அத்தை, அம்மாவின் மேல் போர்த்தக் கோடிச் சேலையோடு அழுதபடியே வந்து இறங்கினாள். அவளுக்குச் செய்தி எப்படிப் போனது என்று இதுவரை தெரியவில்லை. அவள் அம்மாவைப் பார்த்து மூர்ச்சை போட்டு, தெளிந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும்போது கோயிலில் மேளம் கேட்டது. காப்புக் கட்டியாகிவிட்டது. நடக்காத சாவுக்கு வந்த அத்தை இன்று பதினான்காம் நாளாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். கோடிச் சேலையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம். ஆகவே அது எங்கள் வீட்டுக் கொடியில் தொங்குகிறது. அம்மா தினமும் அதைத் தொட்டுப் பார்த்து, "நல்ல சேலைதான்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அம்மா இவளிடம் கேட்டாள்: "அந்தப் புஸ்தகத்துல செத்தது யாரு?"

"ஒரு பொண்ணு அத்தே. சின்ன வயசு."

"அதுக்குப் பெத்தவங்க இல்லையா?"

இவள் கதை முழுவதும் சொன்னாள். அம்மா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுவிட்டு, "இது அழ வேண்டிய சாவுதான்" என்றாள். அத்தையும் ஆமாம் என்றாள். ஆக, அழுதது குற்றமில்லை என்று வீட்டளவில் தீர்ப்பாகிவிட்டது.

காப்பில் மாட்டிக்கொண்ட பிறகு பரீட்சைக்கு எப்படிப் போவது? கருக்கலில் முதல் பஸ்ஸைப் பிடித்து அரியலூர், அங்கிருந்து திருச்சி, எழுதி முடித்ததும் ஓடிவந்து மறுபடி அரியலூர், செந்துறை, விளக்கு வைப்பதற்குள் எல்லை. தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடவே போகிறேன். இரண்டாம் பரீட்சை அன்று திரும்பும் வழியில் பஸ் நின்றுவிட்டது. சிமெண்டு மூட்டை இறக்கிவிட்டு வந்த ஒரு லாரியில் ஏறி, இருவரும் தலை முதல் கால் வரை வெளுத்துப்போய் எல்லைக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் வருகிறோமா என்று பார்க்க எல்லைக் கல்லடியில் கூடியிருந்த பெரியவர்கள் எங்களைக் கண்டு எழுந்து ஓட, பூசாரி பிச்சைமுத்து மட்டும் திருநீற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நான் போகிற நாட்களில் பால் அளப்பது அம்மாவும் அத்தையும். அத்தைக்கு அந்தக் கண்ணாடி மீட்டர் மிகவும் பிடித்துவிட்டது. அதில் பார்க்கத் தெரியாவிட்டாலும் எல்லோர் பாலிலும் விட்டு எடுத்து, "தண்ணி" என்று சொல்லிவிடுகிறாள். சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "பொண்டாட்டி எம்.ஏ. படிக்கிறதுக்கு ஊரு ஏன்யா கெட்ட பேரு வாங்கணும்?" என்று கேட்டார்.

மச்சான், உங்களிடம் மறைக்காமல் இதையும் எழுதிவிடுகிறேன். பரீட்சை நடக்கும் கல்லூரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் டிபன் தூக்கோடு உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூட வாத்தியார்கள், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, வழுக்கைத் தலை போஸ்ட்மாஸ்டர் ஒருவர் என்று உள்ளே போவார்கள். அவர்களோடு இவளும் போவாள். பரீட்சை முடிந்து வெளியே வரும்போது இவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். எப்படி எழுதினாய் என்று கேட்டால், "எழுதினேன்" என்பாள். அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அந்தச் சிரிப்பை ஊர் வரைக்கும் கொண்டுவருவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. காகிதத்தின் மேல்தான் என்று நினைக்கிறேன்.

நான்கு பரீட்சைகள் இப்படி முடிந்தன. ஐந்தாவதுதான் இப்போது பிரச்சினை. புதன்கிழமை உச்சிப் பொழுதில் மாவிளக்கு. ஊர்வலமாகக் கோயிலுக்கு எடுத்துப் போக வேண்டும். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடிய குற்றத்துக்குப் பரிகாரமாக முதல் விளக்கு எங்கள் வீட்டு விளக்காக இருக்க வேண்டும் என்று நேற்றுக் கோயிலில் கூடிப் பேசினார்கள். "யாரு அழுது இது ஆரம்பிச்சுதோ, அவங்க கையாலதான் வெளக்கு வரணும். அப்பதான் ஆத்தாளுக்கு மனசு ஆறும்" என்று பிச்சைமுத்து சொல்லிவிட்டார். அதாவது இவள். அதே உச்சிப் பொழுதில் இவள் திருச்சியில் பரீட்சை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். நான் எழுந்து, பரீட்சை இருக்கிறதே என்றேன். ஒருவர், "மழை இல்லேன்னா உன் சங்கத்துல தண்ணிப் பாலுகூட வராது, தெரியுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அம்மா பயந்திருக்கிறாள். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் தன் சாவைத் தானே காதால் கேட்டவள் அல்லவா, இந்த விளக்கு சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறாள்.

இந்த ஊரில் எங்களுக்கு ஒரு மரியாதை இப்போதுதான் வந்திருக்கிறது. என் அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். உங்கள் வீட்டுக் கதையும் அதுதான். இன்று பால் சங்கத்தில் அந்த வயல்காரர்களே என் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பரீட்சைக்காக அதைக் கெடுத்துக்கொள்வதா? அடுத்த வருஷம் அந்த ஒரு பேப்பரை எழுதிக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறதாம். ஆகையால் தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். 'அரியமுத்துவை வாக்கிலிருந்து விடுவித்தேன்' என்று ஒரு வரி எழுதி, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பால் லாரி டிரைவரிடமே நாளைக் காலையில் கொடுத்தனுப்பவும். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். நானும் யார் முகத்தையும் பார்க்காமல் தப்பித்துக்கொள்வேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாகப் படித்துப் பெரிய ஆளாக வர என் ஆசிகள். எழுத்தில் மரியாதைக் குறைவு இருந்தால் மைத்துனன் என்று பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் நல்லெண்ணத்தை நம்பியிருக்கும்
மு. அரியமுத்து

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை காலை. மேலே எழுதியது அத்தனையும் ரத்து.

நேற்று மாலை லாரி வரவில்லை. பால் முழுவதும் தயிராகிவிட்டது. கடிதம் என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. சாப்பிடும்போது, உன் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன் என்று மட்டும் இவளிடம் சொன்னேன். விவரம் சொல்லவில்லை. இவள் விவரம் கேட்கவும் இல்லை. "அண்ணனை எதுக்குங்க இதுல இழுக்குறீங்க? நான் போகலை. வெளக்கு தூக்குறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டாள். பிறகு புத்தகங்களையெல்லாம் பழைய வேட்டியில் கட்டிப் பரண் மேல் வைத்தாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது மச்சான், யார் கையெழுத்தும் இல்லாமலே கிடைத்துவிட்டது. அடுத்த வருஷம் என்று அவள் சொன்னபோது அவள் குரலைக் கேட்டேன். அந்த அடுத்த வருஷம் வராது.

இன்று விடியற்காலையில் விழித்தபோது வீட்டில் சத்தமே இல்லை. ராஜாவும் பேசவில்லை, ராணியும் பேசவில்லை. இவள் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் பால் அளக்கக் கிளம்பாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "என்னடா, வூடு இப்படிக் கெடக்கு?" என்றாள். சொன்னேன். பரணை அண்ணாந்து பார்த்தாள். கொடியிலிருந்த கோடிச் சேலையை உருவிக் கட்டிக்கொண்டாள். நேரே பூசாரி வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"பிச்சைமுத்து, யாரு அழுதாங்களோ அவங்கதானே வெளக்கு தூக்கணும்?"

"ஆமா."

"அன்னிக்கு ஊரே அழுதுது. எல்லாரையும்விட அதிகமா அழுதது யாரு? கேட்டுப் பாரு. என் சாவுக்கு நானே மாருல அடிச்சிக்கிட்டு அழுதேன். என்னைவிடப் பெரிய குத்தவாளி இந்த ஊருல எவ? நான் தூக்குறேன். புள்ள பரிச்சைக்குப் போவுது."

செத்தவளே வந்து தன் சாவுக்குப் பரிகாரம் செய்கிறேன் என்றால் அதற்கு என்ன விதி என்று பிச்சைமுத்துவுக்கும் தெரியவில்லை. கடைசியில், "ஒன் இஷ்டம் ஆத்தா. சாயங்காலம் எல்லைக்குள்ள வந்துரச் சொல்லு" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து பரணில் ஏறி, நானே மூட்டையை இறக்கினேன். இவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தூசி தட்டிக் குடுங்க" என்றாள். தட்டிக் கொடுத்தேன். அப்போதுதான் அழுதாள். குஞ்சம்மாள் காதில் விழுவதற்குள் நான் ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தினேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் போகிறோம். மழை பெய்யாவிட்டால் அந்தப் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன். லாரி வந்து ஹாரன் அடிக்கிறது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம்தான், ஆனால் என்னிடம் நீங்கள் எதைக் கேட்டு வாங்கினீர்கள் என்பதும், நான் எவ்வளவு சுலபமாக அதைத் திருப்பிக் கேட்டுவிடுவேன் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் அனுப்புகிறேன். அந்த வாக்கை விட்டுவிடாதீர்கள் மச்சான். நான் மறுபடியும் கேட்பேன். எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.